ஆறுச்சாமி நிற்கும் தூரம்

என் வலது கண்ணில் எந்த அளவுக்குப் புரை விழுந்திருந்தது என்றால், ஒரு வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தையில் பருத்திக்கொட்டை மூட்டை ஒன்றைப் பசு என்று நினைத்து, வயதறியப் பல் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தது. அவ்வளவு மரியாதையான மூட்டை. ஆறு பல் என்று சொல்லி விலையும் முடித்துக் கொடுத்தேன். வாங்கிப் போனவர் இன்றுவரை குறை சொன்னதில்லை. பால் மட்டும் கொஞ்சம் கெட்டி என்று கேள்வி.

நான் மாட்டுத் தரகன். ஆனைமலைப் பக்கம் ஊர். எனக்கும் ஆறுச்சாமிக்கும் கூட்டுத் தொழில். சந்தை வாசலில் இருக்கும் புளியமரத்தடியில் நான் நிற்பேன். அந்தக் கோடியில், மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் அவன் நிற்பான். வருகிற மாட்டை முதலில் அவன்தான் பார்ப்பான். முதுகைத் தடவுவான், மடியில் கை போடுவான், பிறகு ஒன்றும் தெரியாதவன்போல நிமிர்ந்து எனக்குச் சாடை காட்டுவான். மீசையைத் தடவினால் நல்ல உருப்படி. காதைத் தொட்டால் எதையோ மறைத்து விற்கிறார்கள், வேண்டாம். இந்தச் சாடையை ஏற்படுத்தியபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. மேலுதட்டைத்தான் தடவுவான். ஒருநாளும் அந்தச் சாடை தப்பியதில்லை.

கண்ணில் புரை விழுந்த பிறகு அவன் காதும் மீசையும் எனக்கு ஒன்றாகிவிட்டன. அதனால்தான் ஆப்பரேசனுக்கே சம்மதித்தேன். மற்றபடி உலகத்தில் புதிதாகப் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"மாப்ளே, என்றகூட வா. நான் போன வருசம் பண்ணுன எடம். கண்ணு கண்ணாடியாட்டம் தெரியுது பாரு," என்று ஆறுச்சாமிதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனான். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தரையில் முகம் தெரியும். முகத்தை மிதிக்கக் கூடாது என்று நான் ஓரமாகவே நடந்தேன்.

சண்முகப்பிரியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் எங்களை உட்கார வைத்து அட்டை ஒன்றைக் காட்டினாள்.

"மூணு வகை லென்ஸ் இருக்குதுங்கய்யா. முதல் வகை உங்க காப்பீட்டு அட்டையிலயே வந்துரும், காசில்லீங்க. ரெண்டாவது வெளிநாட்டு லென்ஸ். மூணாவதுதான் ரொம்ப ஸ்பெசல். உள்ள வெச்ச பொறகு, வெளிச்சம் காட்டிப் பவரைக் கூட்டிக் கொறைச்சுக்கலாம். உங்களுக்கு எப்புடி வேணுமோ அப்புடிச் சரிபண்ணி, அப்பறம் மாறாத மாதிரி பூட்டிருவாங்க."

"காசில்லாததுல பார்வை வராதுங்களா, அம்மணி?"

"வருமுங்க. கிட்டப் பாக்கறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கணும்."

எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. ஆறுச்சாமி முழங்கையால் இடித்தான்.

"பல்லுப் பாக்கறப்பெல்லாம் மாட்டை நிக்க வெச்சுப்போட்டுக் கண்ணாடியத் தேடுவியா? என்ற கண்ணைப் பாரு. இந்த மூணாவதுதான் வெச்சிருக்கறேன். கண்ணாடி போடறனா நானு?"

அவன் கண்ணை உற்றுப் பார்த்தேன். புரைக் கண்ணுக்கு அவன் முகமே பருத்திக்கொட்டை மூட்டையாகத்தான் தெரிந்தது. அந்த மூட்டை சொன்னதை நம்பினேன்.

"என்ன வெலைங்க, அம்மணி?"

"ஒண்ணே முக்கால் லட்சமுங்கய்யா. ஒரு கண்ணுக்கு."

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டைப் போட்டு, அதற்குள் இரண்டு பேரும் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். பிடித்த விரல்தான் கணக்கு. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெண் இத்தனை பேர் நடுவில் இப்படிப் போட்டு உடைத்ததில் எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசைமேல் விரித்து உள்ளே கையை விட்டேன்.

"கையக் குடுங்கம்மணி."

அவள் நாற்காலியோடு பின்னால் போய்விட்டாள். "அய்யாவுக்குச் சுகர் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று ஆறுச்சாமியைக் கேட்டாள்.

"பொம்பளப்புள்ள கையக் கேட்டது தப்புத்தானுங்க. ஆம்பளையாரையாச்சும் கூப்புடுங்க," என்றேன்.

கழுத்துப்பட்டை கட்டிய மேனேஜர் ஒருவர் வந்தார். மனோஜ்குமார் என்று பெயர் சொல்லி, துண்டுக்குள் கையை விட்டு, என் கையை முழுசாகப் பிடித்துச் சிரித்துக்கொண்டே குலுக்கினார்.

எங்கள் தொழிலில் கையை மொத்தமாகப் பிடித்துக் குலுக்கினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாடு செத்து விழுந்தாலும் விலை மாறாது. நான் ஒரு விரலைக்கூடப் பிடிக்கவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது. திரும்பி ஆறுச்சாமியைப் பார்த்தேன். அந்த ஆள் மரியாதைக்குக் குலுக்கினார் என்பது, அங்கே ஏற்கெனவே போய்வந்த அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"முடிஞ்சுபோச்சு, மாப்ளே," என்றான்.

நான் கை குலுக்கிய பேரத்திலிருந்து பின்வாங்கியவன் இல்லை.

என் கட்டுத்தரையில் ஒரு ஜோடி காங்கேயம் காளைகள் நின்றன. விற்பதற்கில்லை என்று வைத்திருந்தவை. அவற்றின் அறிவைப் பற்றி நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதில் மூத்தது, பெட்ரோல் விலை ஏறினால் முதல்நாளே இரண்டு கவளம் கூடுதலாகத் தின்னும். அந்த ஜோடியை விற்றேன். ஆறுச்சாமிதான் ஆள் பிடித்துக் கொண்டுவந்தான். வாங்கியவர் தரகுப் பணத்தை நீட்டியபோது, அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சொந்த ஊட்டு மாடுங்க. இதுக்குப் போயித் தரகு வாங்குவனா?"

அதுதான் எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. ஒரு தரகனுடைய சொந்த வீட்டு விற்பனையிலோ வாங்கலிலோ இன்னொரு தரகன் காசு தொட மாட்டான். மாட்டின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். ஆறுச்சாமி இரண்டு காளைகளின் நெற்றியையும் தொட்டுக் கும்பிட்டான். நான் துண்டை எடுத்துப் புரைக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காளைகளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்தவுடன் தடிமனான மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். முகத்தின் பாதியை மூடும்.

"இதைக் கழட்டவே கூடாதுங்கய்யா," என்றாள் சண்முகப்பிரியா. "ஊட்டுக்குள்ள இருந்தாலும் சரி. வெயில் பட்டா லென்ஸ் அதும்பாட்டுக்குப் பவர் மாறிப்போயிரும். டாக்டர் சரிபண்ணிப் பூட்டற வரைக்கும், வாரக்கணக்குல ஆனாலும், போட்டேதான் இருக்கோணும்."

அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். காளியாத்தாள் தலைமுதல் கால்வரை பார்த்தாள். காளியாத்தாள் என் மனைவி. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சில் எது நிஜம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை.

"ஏனுங்க, வெல்டிங் பட்டறைக்கு எப்பப் போனீங்க?"

விவரம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஆறுச்சாமி அண்ணனுக்கும் இதே லென்ஸுதான்னீங்க?"

"ஆமா."

"அவிய இப்புடி ஒண்ணைப் போட்டு நான் பாக்கலீங்களே. ஆப்பரேசன் பண்ணுன அடுத்த வாரமே இங்க வந்து மொட்டை வெயில்ல நின்னு தேங்கா எண்ணிட்டிருந்தாங்க. வெறுங்கண்ணோட."

"அவனுது வேற மாதிரியா இருக்கும், புள்ள," என்றேன்.

"இருக்குமுங்க," என்றாள். அவள் இப்படி ஒத்துக்கொள்கிற நேரங்களில்தான் எனக்குப் பயம்.

முதல் முறை வெளிச்சம் காட்டப் போகும்போது, பஸ்ஸில் கிணத்துக்கடவு தாண்டியதும் கேட்டேன்.

"ஏ மச்சான், உனக்கு எத்தனை தடவை வெளிச்சம் காட்டுனாங்க?"

"ஒரே தடவைதான், மாப்ளே. என்ற கண்ணு சொன்ன பேச்சுக் கேக்கற கண்ணு."

"இந்தக் கண்ணாடி?"

"போட்டனே. நீ கவனிக்கலை. உனக்குத்தான் அப்பக் கண்ணு தெரியாதே."

பதில் சரியாகத்தான் இருந்தது. நானே அதைவிட நல்ல பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லிக் கேட்டார்.

"எந்தத் தூரம் உங்களுக்கு ரொம்பத் தெளிவாத் தெரியணும்ங்கய்யா?"

"புளியமரத்துலருந்து தண்ணித் தொட்டி வரைக்குமுங்க."

"அது எவ்வளவு தூரம்?"

"மெரண்டுபோன எருமை மூச்சு வாங்காம ஓடற தூரமுங்க."

டாக்டர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். எருமை என்று தட்டினாரா தெரியாது. கண்ணுக்குள் ஊதா நிறத்தில் வெளிச்சம் வந்தது. முடிந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க டாக்டர், சில பேருக்கு இது ஒரே தடவையில முடிஞ்சுருமுங்களா?"

"முடியாதுங்க. சரிபண்ண ஒரு தடவை, ரெண்டு தடவை. அப்பறம் பூட்டறதுக்குத் தனியா. அதுவரைக்கும் எல்லாருக்கும் இந்தக் கண்ணாடிதான். இது இல்லாம வெயில்ல போனா லென்ஸ் வீணாப்போயிரும்."

வெளியே வந்தேன். ஆறுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்து ஓசி காப்பி குடித்துக்கொண்டிருந்தான். மேனேஜர் மனோஜ்குமார் அந்தப் பக்கம் போகிறபோது, அவனைப் பார்த்து மட்டும் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நோயாளி நான். தலையாட்டல் அவனுக்கு.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்கிறவன் என்றால் பஸ்ஸிலேயே சொல்லியிருப்பான்.

அடுத்த வியாழக்கிழமை சந்தையில் மைதீன் பிச்சையின் டீக்கடை முன்னால் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மைதீன் பாய், இந்த லென்ஸுல ஒரு சங்கடம். துண்டுக்குள்ள போற வெரலெல்லாம் தெரியுது."

"அடப் போங்க. உங்க கதைக்கு ஒரு அளவே இல்லையா?" என்றார் மைதீன் பிச்சை.

பக்கத்தில் இன்னொரு தரகர் வரதராஜுலு நாயக்கர், ஒரு கேரளா வியாபாரியோடு துண்டு போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பி, "அறுபத்திரெண்டு. நாயக்கர் அறுபத்தஞ்சு கேக்கறாரு. ஆளு எறங்க மாட்டாரு," என்றேன்.

வரதராஜுலு துண்டை விட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டார். நான் சொன்னது அத்தனையும் சரி. இவ்வளவு காலம் ஒரே ஆளின் தோளையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டு நின்றால், அவர் எந்த விரலைப் பிடிக்கிறார் என்பது மாட்டுக்கே தெரிந்துவிடும். அதை நான் சொல்லவில்லை.

சந்தை கலங்கிவிட்டது. ஆளாளுக்கு இரண்டு துண்டு போட்டார்கள். சிலர் கோணிச் சாக்கு கொண்டுவந்தார்கள். ஒருவர் கம்பளியே கொண்டுவந்தார். அதற்குள் புகுந்த இரண்டு பேர், விலை முடிந்த பிறகும் வெளியே வரவில்லை. கதகதப்பில் தூங்கிப்போனார்கள்.

நான் பார்த்தது ஆறுச்சாமியை. அவன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டவன் எடுக்கவே இல்லை. டீயை இடது கையில் வாங்கினான். மாட்டைத் தடவவில்லை. சாடையும் காட்டவில்லை. சந்தை கலையும் நேரத்தில் தொட்டிப் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்தான். புளியமரத்தடியில் என் பக்கத்தில் குந்தினான்.

"மாப்ளே, ஒரு கை போடலாமா?"

என் துண்டைத்தான் விரித்தேன். கையை விட்டான். நான்கு விரல்களை என் உள்ளங்கையில் வைத்தான்.

என் கண்ணுக்கு அவன் வாங்கிய தரகு என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான்கு என்றால் நாற்பதாயிரம் என்று எண்ணினேன். அவன் விரல் கணுவை அழுத்தினேன். 'பத்துப் பத்தாகவா?' என்று கேட்பது அது. இல்லை என்று விரலை ஆட்டினான். வெறும் நான்கு. நாலாயிரம்.

அந்தக் காளைகளுக்கு அன்று தரகு வாங்காமல் விட்டானே, அதுவே இதைவிடக் கூடுதலாக வந்திருக்கும்.

"நான் கேக்கலை, மாப்ளே," என்றான் தாழ்ந்த குரலில். "ஆளைக் கூட்டியாந்தா குடுப்பமுன்னு அவிங்களே குடுத்தாங்க."

"குடுத்தா அப்புடியே வாங்கிப்போடறதா? ஒரு பேரங்கூடப் பேசாமயா?"

"ஆஸ்பத்திரியில போயி எப்புடிப் பேரம் பேசறது?"

"நான் பேசலையா?"

அவன் இடது கையால் தரையில் கிடந்த புளியங்காய் ஓட்டைப் பொறுக்கிப் போட்டான்.

"உன்ற கண்ணுல இருக்கறது என்ன லென்ஸு?"

"காப்பீட்டு அட்டையில குடுத்ததுதான்."

"தெரியுதா?"

"நல்லாத்தான் தெரியுது," என்றான். பிறகு அவசரமாக, "திருப்பிக் குடுத்தர்றேன். இதோட விட்டுரு, மாப்ளே," என்று அந்த நான்கு விரல்களையும் மறுபடி அழுத்தி வைத்தான்.

நான் கையை மொத்தமாகப் பிடித்துக் குலுக்கினால் முடிந்தது. பேரம் படிந்தது. பிறகு இதைப் பற்றி நானும் பேச முடியாது, அவனும் பேச மாட்டான். அவன் உள்ளங்கை எனக்குத் தெரியும். சுண்டுவிரலுக்குக் கீழே, ஓர் எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியபோது விழுந்த வடு. அந்தக் கயிற்றின் மறுமுனை அன்று என் கையில் இருந்தது.

நான் துண்டை இழுத்துவிட்டேன்.

பேரத்தின் நடுவில் துண்டை எடுப்பதை யாரும் செய்வதில்லை. எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர் செய்தார். அதற்கப்புறம் மாட்டுக்காரர்கள் யாரும் அவரோடு பேசாததால், மலையேறிப் போய் யானைத் தரகு பார்த்தார். யானைக்குத் துண்டு போதாமல் நொடித்தும் போனார்.

மைதீன் பிச்சை ஆற்றிய டீ அந்தரத்தில் நின்றது. சந்தை முழுவதும் பார்த்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவன் கையில் இன்னொரு கிழவனின் நான்கு விரல்கள். ரோட்டைக் கடக்கப் பயந்து பிடித்துக்கொண்ட மாதிரி. வரதராஜுலு எதற்கு என்று கேட்கவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்கத் தேவையில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆறுச்சாமி அந்த விரல்களை, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். ஒவ்வொன்றாக உருவிக்கொண்டான். எழுந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போனான். அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

பணம் மறுநாளே வந்துவிட்டது. டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மாசாணியம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன்.

கண்ணைப் பூட்டும் நாளன்று தனியாகத்தான் போனேன். பஸ்ஸில் பக்கத்து இடத்தில் ஒருவர் கோழிக்கூடையை வைத்தார். அந்தக் கோழி உக்கடம் வரைக்கும் என்னோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குச் சந்தை நிலவரம் தெரியவில்லை.

"இன்னிக்குப் பூட்டிட்டா இனிமே மாத்தவே முடியாதுங்கய்யா," என்றார் டாக்டர். "உங்களுக்கு வயசாச்சு, கிட்டப் பார்வையக் கொஞ்சம் கூட்டிக்கலாமே? பேப்பர் படிக்கலாம், சாப்பாட்டுல முள்ளுப் பாக்கலாம். தூரம் லேசாக் கொறையும், அவ்வளவுதான். அந்தத் தண்ணித் தொட்டி இன்னமும் வேணுமுங்களா?"

நினைவு வைத்திருந்தார். நான் மோவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். தாங்கியில் மோவாய் இருக்கும்போது மனிதனால் நீளமாக யோசிக்க முடியாது.

"இருக்கட்டுமுங்க," என்றேன். "பழகுன தூரம்."

பூட்டிவிட்டார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றி வீசினேன். லென்ஸைக் குறை சொல்ல முடியாது. விலைக்குத் தகுந்த லென்ஸ். புளியமரத்தடியில் நின்றால் தொட்டிப் பக்கம் ஆறுச்சாமியின் சட்டையில் எந்தப் பொத்தான் மாற்றித் தைத்தது என்று சொல்லிவிடுவேன். ஓர் ஈ அவன் தோளில் உட்கார்ந்தால், அது எந்த ஊர் ஈ என்று தெரியும். அவன் அங்கேதான் நிற்கிறான். வேறு எங்கே போவான்? நானும் இங்கேதான் நிற்கிறேன். அவன் தனியாகத் தொழில் செய்கிறான், நான் தனியாக.

கட்டுத்தரை காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் காளியாத்தாள் ஒருநாள், "பாலுக்காச்சும் ஒரு மாடு புடிச்சுட்டு வாங்க. தரகுக்காரன் ஊட்டுல பாக்கெட் பாலு காச்சறது எனக்கே கேவலமா இருக்குது," என்றாள்.

அந்த வியாழக்கிழமை செவலைப் பசு ஒன்று வந்தது. ஈத்து இரண்டுதான் இருக்கும், இரண்டு கன்று போட்டது. வாளிப்பான உடம்பு, பெரிய மடி. அதைத் தொட்டியில் தண்ணீர் காட்டினார்கள். ஆறுச்சாமி வழக்கம்போல முதுகைத் தடவினான். குனிந்து மடியில் கை போட்டான். மாட்டுக்காரர் அதை என் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் விலை கேட்கத் துண்டை எடுப்பதை அந்தக் கோடியிலிருந்து பார்த்தான்.

பார்த்துவிட்டு, காதைத் தொட்டான்.

மீசை இல்லை, காதுதான். எந்தச் சந்தேகமும் இல்லை. காதின் மேல்மடலில் நரைத்த மயிர் மூன்று நிற்பதுகூடத் தெரிந்தது. நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். கையை எடுக்காமல், இன்னொரு தடவை தொட்டான்.

மடியில் ஒரு முறை கை வைத்துப் பார்த்திருக்கலாம். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க் கண்ணை அவன் காதுக்கு நேராக வைத்துக்கொண்டே, மாட்டுக்காரரின் கையை முழுசாகப் பிடித்துக் குலுக்கினேன்.

அந்தப் பசு இப்போது எங்கள் கட்டுத்தரையில்தான் நிற்கிறது. நல்ல குணம், உதைக்காது. காளியாத்தாள் விடிந்ததும் பால் கறக்க உட்காருகிறாள். மூன்று காம்பில் வருகிறது. நாலாவது காம்பு அடைப்பு. வெளியே பார்த்தால் தெரியாது, கை போட்டால்தான் தெரியும்.

"இத்தனை காசு போட்டுக் கண்ணு வெச்சும் இதைக் கவனிக்கலீங்களா?" என்று அவள் தினமும் கேட்கிறாள்.

கவனிக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் சொல்லும் பொய்களில் அவள் முழுதாக நம்புவது அது ஒன்றைத்தான்.